முன்னிலையில் இருக்கும்போது கடைசி நான்கு நிமிடங்களை ஆடுவது எப்படி? (கல்லூரி அமெரிக்கக் கால்பந்து)

நாற்பதுவிநாடி:

2023 அக்டோபர் 7 அன்று ஹார்டு ராக் மைதானத்தில் மியாமி அணி ஜார்ஜியா டெக் அணியிடம் தோற்ற விதத்தை முன்வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். மியாமி 20-17 என்று முன்னிலையில் இருந்தது. பந்து மியாமியின் கையில், எதிரணியின் 30 யார்டு கோட்டருகே இருந்தது. மூன்றாவது டவுன் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது). கடிகாரத்தில் 40 விநாடிக்கும் குறைவாகவே மிச்சம். ஜார்ஜியா டெக்கிடம் ஒரு டைம் அவுட்கூட இல்லை. குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்) பந்தை வாங்கி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றியிருந்தால், அடுத்த ஸ்நாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஒரு டவுனைத் தொடங்குவதற்கு) அவசியமே இல்லாமல் ஆட்டம் முடிந்திருக்கும். பயிற்சியாளர் மரியோ கிறிஸ்டபாலின் அணியோ ஓட்டக்காரர் டான் சேனியிடம் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னது. பந்து நழுவியது, ஜார்ஜியா டெக் கைப்பற்றியது. மிச்சமிருந்த அரை நிமிடத்துக்குள் அதன் குவார்ட்டர்பேக் ஹேன்ஸ் கிங் 74 யார்டு கடக்கவைத்து, கடைசியில் கிறிஸ்டியன் லியரிக்கு 44 யார்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்து எடுக்கும் 6 புள்ளி) வீசினார். 23-20.

அந்த ஒரு முடிவை இன்னொரு முறை கண்டிப்பது என் நோக்கமல்ல. மண்டியிட்டிருக்க வேண்டும் என்று கிறிஸ்டபாலே பின்னர் ஒப்புக்கொண்டார். என்னை உறுத்துவது வேறு. அவ்வளவு எளிய கணக்கு, இத்தனை பயிற்சியாளர்கள் நிற்கும் ஓரத்தில் எப்படிக் காணாமல் போகிறது? முன்னிலையைக் காப்பது பற்றிப் பேசும்போது நாம் துணிச்சல், நிதானம், ஆவேசம் என்ற சொற்களிலேயே பேசிப் பழகிவிட்டோம். எதிரணிக்கு இன்னும் எத்தனை முறை பந்து கிடைக்கும், கிடைத்தால் எத்தனை விநாடியோடும் எத்தனை டைம் அவுட்டோடும் கிடைக்கும் என்பதிலிருந்துதான் கடைசி நான்கு நிமிடங்களின் ஒவ்வொரு முடிவும் பிறக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கணக்கைப் போட்ட பிறகு துணிய வேண்டுமா ஒதுங்க வேண்டுமா என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஆட்டங்களை எடுத்துக்காட்டி எழுதுங்கள்.

களத்துமேடு:

ஐயா, நான் இந்த ஆட்டத்துக்குப் புதியவன். கபடி பார்த்து வளர்ந்தவன். கபடியில் முன்னிலையில் உள்ள அணி புள்ளி எடுக்காமல் 30 விநாடியையும் கடத்திவிட்டுத் திரும்பும். ஆனால் இரண்டு ரெய்டு அப்படி வீணானால் மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரெய்டர் வெளியே போக வேண்டும். இங்கேயும் அதுபோன்ற கட்டாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. மண்டியிட்டே எவ்வளவு நேரத்தைக் கழிக்க முடியும், எந்தக் கட்டத்துக்கு முன்னால் அது முடியாது என்பதை யாராவது விளக்கினால் மேற்கொண்டு வரும் விவாதம் எனக்குப் புரியும்.

விதிநூல்:

நல்ல ஒப்பீடு. இங்கே நான்கு டவுன்களுக்குள் 10 யார்டு கடக்க வேண்டும். கடந்தால் புதிதாக நான்கு டவுன்கள் கிடைக்கும்; இதைத்தான் முதல் டவுன் எடுப்பது என்கிறோம். ஆகவே முன்னிலையில் உள்ள அணிக்குச் செலவழிக்க மூன்று டவுன்கள் உண்டு, நான்காவதில் பொதுவாகப் பந்தை உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

கடிகாரக் கணக்கு இதுதான். ஒரு டவுன் களத்துக்குள்ளேயே முடிந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த ஸ்நாப்புக்கு 40 விநாடி அவகாசம் உண்டு. மண்டியிடுவதற்கு ஏறத்தாழ 2 விநாடி ஆகும் என்று கொண்டால், ஒவ்வொரு முறையும் 42 விநாடி போய்விடும். எதிரணியிடம் டைம் அவுட் எதுவும் இல்லாவிட்டால் மூன்று முறை மண்டியிட்டு 2 நிமிடத்தைச் சற்றுக் கூடுதலாகவே கழிக்கலாம். எதிரணி ஒரு டைம் அவுட் வைத்திருந்தால் அதில் 40 விநாடி குறைந்து சுமார் 1 நிமிடம் 25 விநாடியாகும். இரண்டு இருந்தால் சுமார் 45 விநாடி. மூன்றும் இருந்தால் வெறும் சில விநாடிகள்தான். முதல் டவுனின் ஸ்நாப் நடக்கும் கணத்தில் கடிகாரம் காட்டும் நேரத்தை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஆட்டம் முடிந்துவிட்டதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இதன்மேல் மூன்று விதிகளை நினைவில் கொள்ளுங்கள். முதலாவது, கல்லூரி ஆட்டத்தில் பந்து வைத்திருப்பவரின் முழங்கால் தரையில் பட்டாலே டவுன் முடிந்தது. தொழில்முறை ஆட்டத்தைப் போல எதிராளி தொட்டிருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, 2022 வரை ஒவ்வொரு முதல் டவுனுக்கும் கடிகாரம் சற்று நிற்கும்; 2023இலிருந்து ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடத்தில் மட்டுமே நிற்கிறது. அதாவது 4 நிமிடம் மிச்சமிருக்கும்போது எடுக்கும் முதல் டவுன் முன்னைவிட இப்போது மதிப்புமிக்கது. மூன்றாவது, 2024 முதல் 2 நிமிடம் மிச்சமிருக்கும்போது ஆட்டம் தானாகவே நிறுத்தப்படுகிறது. பின்தங்கிய அணிக்கு இது செலவில்லாமல் கிடைக்கும் ஒரு டைம் அவுட். ஆகவே 2 நிமிடத்துக்கு முன்னரே மண்டியிடத் தொடங்குபவர்கள் மேற்சொன்ன எண்களில் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

பழையதிடல்:

நாற்பதுவிநாடி அவர்களின் கணக்கை நான் மறுக்கவில்லை. மியாமி மண்டியிட்டிருக்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. 1978 நவம்பர் 19 அன்று தொழில்முறை ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் இதே பிழையைச் செய்தது. 17-12 என்று முன்னிலையில் இருந்தபோது குவார்ட்டர்பேக் ஜோ பிசார்சிக் பந்தை லாரி சாங்காவின் கையில் கொடுக்கப்போய்த் தவறவிட, ஃபிலடெல்ஃபியாவின் ஹெர்ம் எட்வர்ட்ஸ் அதை எடுத்து ஓடி 19-17 என்று ஆட்டத்தையே வென்றார். ஜயன்ட்ஸின் தாக்குதல் பயிற்சியாளர் மறுநாளே வேலையை இழந்தார். குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் வெகு தூரத்தில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு மண்டியிடும் இன்றைய வரிசை பரவியது அதன் பிறகுதான்.

ஆனால் மண்டியிட்டு முடிக்கக்கூடிய கட்டத்தை வைத்துக்கொண்டு முழு விவாதத்தையும் நடத்துவது சரியல்ல. உண்மையான சோதனை அதற்கு முன்னால் வருகிறது: 3 நிமிடம் 30 விநாடி மிச்சம், 4 புள்ளி முன்னிலை, எதிரணியிடம் இரண்டு டைம் அவுட். இங்கே பயிற்சியாளர்கள் தொன்றுதொட்டுச் செய்துவந்தது மூன்று முறை ஓடிவிட்டு உதைப்பது. புள்ளிவிவரம் படித்த தலைமுறை இதைக் கோழைத்தனம் என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். நல்ல தடுப்பாட்டம் உள்ள அணி, எதிரணியின் இரண்டு டைம் அவுட்டையும் பிடுங்கிக்கொண்டு, 80 யார்டு தூரத்தை ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் கடக்கச் சொல்வது நியாயமான தேர்வு. கல்லூரி அணிகளில் 19, 20 வயது இளைஞர்கள் ஆடுகிறார்கள். அவர்களில் பலருக்கு அத்தகைய கட்டத்தில் அவசரமாக வீசிப் பழக்கமில்லை. அந்த வயதுக் குவார்ட்டர்பேக்கை முன்னிலையில் இருக்கும்போது வீசச் சொல்வதும் அதே காரணத்தால் ஆபத்துதான்.

நழுவும் பந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1998 நவம்பர் 14 அன்று நாக்ஸ்வில்லில் தோல்வியே காணாத இரண்டு அணிகளான ஆர்கன்சாவும் டென்னஸியும் மோதின. ஆர்கன்சா 24-22 என்று முன்னிலையில் இருந்தது, 2 நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சம். குவார்ட்டர்பேக் கிளின்ட் ஸ்டோர்னர் பின்வாங்கும்போது தம் அணி முன்வரிசை வீரர் ஒருவரின் காலில் தடுக்கினார், விழாமல் ஊன்றிக்கொள்ளப் பந்து இருந்த கையையே தரையில் வைத்தார், பந்து அங்கேயே தங்கிவிட்டது. டென்னஸி எடுத்து, டிராவிஸ் ஹென்றியை ஓடவிட்டே 28-24 என்று வென்றது, அந்தப் பருவத்தின் தேசிய வாகையராகவும் ஆனது. அங்கே எந்த உத்தியைக் குற்றம் சொல்வது? சில தோல்விகளுக்குத் திட்டம் காரணமில்லை. அவற்றிலிருந்து திட்டத்தைப் பற்றிப் பாடம் எடுக்கக் கூடாது.

நாற்பதுவிநாடி:

ஐயா, உங்கள் கடைசி வரியை முழு மனதோடு ஏற்கிறேன். ஸ்டோர்னரின் சறுக்கலை நான் ஒருபோதும் எடுத்துக்காட்டாக வைக்க மாட்டேன். மூன்று முறை ஓடி உதைப்பது கோழைத்தனம் என்றும் சொல்ல மாட்டேன். மூன்றாவது டவுனில் மட்டும் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

மூன்றாவது டவுன், கடக்க வேண்டியது 6 யார்டு, எதிரணியிடம் ஒரு டைம் அவுட், 2 நிமிடத்துக்குள் கடிகாரம் என்று கொள்வோம். ஓடி மடக்கப்பட்டால் எதிரணி அந்த டைம் அவுட்டைச் செலவழிக்கும், அல்லது 40 விநாடியை இழக்கும். வீசிப் பந்து தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும், டைம் அவுட் அவர்களிடமே இருக்கும். ஆகவே பிடிபடாத வீச்சின் விலை ஒரு டைம் அவுட். பிடிபட்டு முதல் டவுன் கிடைத்தாலோ விதிநூல் அவர்கள் சொன்ன எண்களின்படி ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

கணக்கை விளக்க நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். முதல் டவுன் கிடைத்துவிட்டால் எதிரணி வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 2. ஓடி மடக்கப்பட்டு உதைத்தால் 20. வீச்சு விழுந்து உதைத்தால் 26. வீச்சை எதிரணி பிடித்துக்கொண்டால் 50, ஆனால் அது நூற்றில் இரண்டு வீச்சுகளில்தான் நடக்கும். ஓடி முதல் டவுன் எடுக்கும் வாய்ப்பு 25, வீசி எடுக்கும் வாய்ப்பு 50. ஓடினால் எதிரணியின் மொத்த வாய்ப்பு நூற்றுக்கு 15.5 வரும், வீசினால் ஏறத்தாழ 14.5. வேறுபாடு ஒரே ஒரு புள்ளி. வீசி எடுக்கும் வாய்ப்பு 60 உள்ள அணிக்கு அது 12 ஆகக் குறைகிறது. 40 மட்டுமே உள்ள அணிக்குக் கிட்டத்தட்ட 17 ஆக ஏறி, ஓடுவதே மேல் என்றாகிவிடுகிறது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, விடையைத் தீர்மானிப்பது பயிற்சியாளரின் மனத்துணிவு அல்ல, அவரது குவார்ட்டர்பேக் 7 யார்டு வீச்சை எத்தனை முறை சரியாகச் சேர்ப்பார் என்பதே. அந்த விவரம் ஆட்ட நாளன்று பிற்பகல் அல்ல, ஆகஸ்டு மாதப் பயிற்சியிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2024 விதி மாற்றத்தால் பிறந்த ஒரு நுட்பத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். 2 நிமிடம் 8 விநாடி இருக்கும்போது ஸ்நாப் நடக்கிறது என்றால், ஓடினாலும் 2 நிமிடத்தில் ஆட்டம் தானாக நிற்கத்தான் போகிறது. அங்கே வீசி விழுந்தால் இழப்பு மூன்று நான்கு விநாடிகள் மட்டுமே. முன்னிலையில் உள்ள அணி வீசுவதற்கு அதைவிட மலிவான கணம் அமையாது. அந்த ஒரு ஸ்நாப்புக்காக முன்கூட்டியே ஒரு வீச்சை ஒதுக்கி வைப்பது, இன்றைய கல்லூரி ஆட்டத்தில் ஒவ்வொரு அணியும் செய்ய வேண்டிய ஆயத்தம் என்று நம்புகிறேன்.

பழையதிடல்:

அந்த 2 நிமிட நுட்பத்தை ஏற்றுக்கொள்கிறேன். அதில் மறுப்பதற்கு ஏதுமில்லை. ஆனால் உங்கள் கணக்கில் உதைப்பது பாதுகாப்பானது என்று வைத்துக்கொண்டீர்கள். 2015 அக்டோபர் 17 அன்று மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக மிச்சிகன் அணி 23-21 என்று முன்னிலையில் இருந்தது. 10 விநாடி மிச்சம், நான்காவது டவுன், நடுக்களத்துக்கு அருகே பந்து. உதைக்க நின்ற பிளேக் ஓநீலுக்குப் பந்து தாழ்வாக வந்தது, கையில் நிற்கவில்லை. எடுத்து எப்படியாவது உதைத்துவிட முயன்றார். பந்து மிச்சிகன் ஸ்டேட்டின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சனிடம் போக, அவர் 38 யார்டு ஓடி, கடிகாரம் தீர்ந்த கணத்தில் 27-23 ஆக்கினார். அன்று மிச்சிகன் ஸ்டேட் பந்தைப் பிடித்துத் திரும்ப ஓட யாரையும் பின்னால் நிறுத்தவில்லை, எல்லோரையும் முன்னால் அனுப்பியது. அப்படியானால் மிச்சிகன் ஏன் தூரத்தைப் பற்றிக் கவலைப்பட்டு வழக்கமான உதை வரிசையில் நின்றது?

விதிநூல்:

பழையதிடல் அவர்கள் எழுப்பிய கேள்வி மிகவும் பொருத்தமானது. 10 விநாடி மிச்சமிருக்கையில் நான்காவது டவுனில் அணிக்கு வேண்டியது யார்டுகள் அல்ல, விநாடிகள். குவார்ட்டர்பேக் பின்னால் ஓடி நேரத்தைக் கழித்து, கடைசியில் பந்தை வானளாவ எறிந்துவிடலாம். அல்லது தம் எல்லைக் கோடு அருகில் இருந்தால் பந்தோடு பின்புறமாக வெளியேறி இரண்டு புள்ளியை விட்டுக்கொடுக்கலாம், முன்னிலை மூன்றோ அதற்கு மேலோ இருந்தால். உதைப்பதென்றே முடிவெடுத்தாலும் உதைப்பவருக்குச் சொல்ல வேண்டிய முதல் அறிவுரை, பந்து நழுவினால் அதன்மேல் விழு என்பதே. விழுந்திருந்தால் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு நடுக்களத்தில் பந்தும் சில விநாடிகளும்தான் கிடைத்திருக்கும்.

இவ்வாறு வெளியே எறிவதிலும் ஒரு விதிச் சிக்கல் உண்டு. 2016 செப்டம்பர் 10 அன்று அது வெடித்தது. சென்ட்ரல் மிச்சிகனுக்கு எதிராக ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று முன்னிலையில் இருந்தது, 4 விநாடி மிச்சம், நான்காவது டவுன். அதன் குவார்ட்டர்பேக் மேசன் ருடால்ஃப் கடிகாரம் தீரும்படி பந்தை வானில் உயர எறிந்தார். அருகில் பிடிப்பவர் எவரும் இல்லாததால் நடுவர்கள் அதைக் குற்றமாக அறிவித்தனர், அதுவரை சரி. பின்னர் சென்ட்ரல் மிச்சிகனுக்குக் கடிகாரமில்லாத ஒரு டவுனைக் கொடுத்தனர். அந்த ஒரே வீச்சில், பிடித்தவர் இன்னொருவரிடம் பந்தைத் தட்டிக்கொடுக்க, 30-27 என்று சென்ட்ரல் மிச்சிகன் வென்றது. டவுனை இழக்கச் செய்யும் குற்றத்துக்காக ஆட்டத்தை நீட்டிக்கக் கூடாது என்பதே விதி. ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும் என்று பின்னர் அதிகாரிகளே ஒப்புக்கொண்டனர், ஆயினும் முடிவு மாறவில்லை. ருடால்ஃபின் அணி செய்தது சரியான உத்தி. இருந்தாலும், அருகில் ஒரு பிடிப்பவரை ஓடவைத்து அந்தத் திசையில் எறிந்திருந்தால் நடுவர்கள் கொடி எறியும் வாய்ப்பே இருந்திருக்காது.

கடைசிவரிசை:

இதுவரை பேசியது முழுவதும் பந்து நம் கையில் இருக்கும்போது. பந்து எதிரணியிடம் போன பிறகு நடப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் என் கருத்தில் கூடுதல் தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

முன்னிலையைக் காக்கும் தடுப்பாட்டத்தில் வழக்கமாக மூவரை மட்டும் குவார்ட்டர்பேக்கை நோக்கி அனுப்பிவிட்டு எண்மர் பின்வாங்கி நிற்பார்கள். 1994 செப்டம்பர் 24 அன்று மிச்சிகன் அதைத்தான் செய்தது; 26-21 என்ற முன்னிலை, 6 விநாடி மிச்சம். கொலராடோவின் கோர்டெல் ஸ்டூவர்ட்டுக்கு நின்று நிதானித்து எறிய நேரம் கிடைத்தது. தட்டப்பட்ட பந்தை மைக்கேல் வெஸ்ட்புரூக் பிடிக்க, 64 யார்டு டச்டவுன், 27-26. அந்தத் தொலைவுக்குப் பந்தை எறிய எல்லோராலும் முடியாது என்பது உண்மை. அப்படி முடிந்த ஒருவருக்கு எதிராக நேரம் கொடுப்பது மட்டும் ஏன் பாதுகாப்பு என்று கருதப்படுகிறது என்பதே என் கேள்வி. நால்வரை அனுப்பி அவரைக் காலை நகர்த்தவைத்தாலே அந்த எறிவு பத்து யார்டு குறைந்துவிடும்.

பின்னால் நிற்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அதைவிட முக்கியம். 2002 நவம்பர் 9 அன்று கென்டக்கி 30-27 என்று முன்னிலையில் இருந்தது, லூசியானா ஸ்டேட்டிடம் கடைசி எறிவு மட்டுமே மிச்சம். கென்டக்கி பயிற்சியாளர்மீது வெற்றிக் குளிர்பானத்தைக்கூட ஊற்றிவிட்டார்கள். பந்தைக் கீழே தட்டாமல் மேலே தட்டியதால் அது பின்னால் ஓடிவந்த டெவரி ஹென்டர்சனின் கைக்குப் போனது. 75 யார்டு, 33-30. 2013 நவம்பர் 16 அன்று ஜார்ஜியா 38-37 என்று முன்னிலையில் இருந்தது. ஆபர்னுக்கு நான்காவது டவுன், 18 யார்டு தேவை. ஜார்ஜியாவின் இரண்டு தடுப்பாளர்கள் ஒரே பந்துக்குப் பாய்ந்து மோதிக்கொள்ள, அவர்கள் கையில் பட்டுத் தெறித்த பந்தை ரிக்கார்டோ லூயிஸ் எடுத்து 73 யார்டு டச்டவுனாக்கினார், 43-38. நான்காவது டவுனில் பந்தைப் பிடித்தாலும் தரையில் அடித்தாலும் பலன் ஒன்றுதான். இதை ஒரு வாரம் முழுவதும் சொல்லிக்கொடுத்தாலும், ஓடிவரும் இளைஞனின் கை பிடிக்கவே நீள்கிறது. அதனால் இதைச் சொல்லிப் பயனில்லை. பயிற்சியில் ஒவ்வொரு நாளும் கீழே அடித்துப் பழக்க வேண்டும். மியாமி விவகாரத்திலும் எல்லோரும் நழுவிய பந்தைப் பற்றியே பேசுகிறார்கள். 74 யார்டு தொலைவில் நின்ற எதிரணியை, டைம் அவுட் இல்லாத எதிரணியை, அரை நிமிடத்துக்குள் டச்டவுன் எடுக்கவிட்ட தடுப்பாட்டம் அதற்கு ஈடான தோல்வி. ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) எடுத்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குத்தான் போகும் என்றிருக்கும்போது, ஒருவரைப் பின்னால் கடந்துபோகவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நாற்பதுவிநாடி:

கடைசிவரிசை அவர்கள் எழுதியதோடு முழுமையாக ஒத்துப்போகிறேன். தடுக்கும் பக்கத்திலும் விநாடிகளை எண்ணத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவரைச் சுட்டலாம். 2024 அக்டோபர் 12 அன்று ஓரிகன் 32-31 என்று முன்னிலையில் இருந்தது. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 10 விநாடி மிச்சம். ஒரு டைம் அவுட்டுக்குப் பிறகு டான் லானிங்கின் ஓரிகன் அணி பதினொருவருக்குப் பதில் பன்னிரண்டு பேரோடு களத்தில் நின்றது. வீச்சு விழுந்தது, 4 விநாடி கழிந்தது, தண்டனை 5 யார்டு மட்டுமே. மிச்சமிருந்த 6 விநாடியில் ஒஹாயோ ஸ்டேட் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்டு ஓடிச் சறுக்கியபோது கடிகாரம் தீர்ந்துவிட்டது. திட்டமிட்டே செய்தோம் என்பதை லானிங் பிறகு ஏறக்குறைய வெளிப்படையாகவே உணர்த்தினார்.

விதிநூல்:

அந்த வழி இப்போது அடைக்கப்பட்டுவிட்டது. ஒரு வாரத்துக்குள் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ புதிய விளக்கம் வெளியிட்டது. 2 நிமிட நிறுத்தத்துக்குப் பிறகு தடுக்கும் அணியின் பன்னிரண்டு பேரும் ஆட்டத்தில் பங்கெடுத்தால், எதிரணி 5 யார்டோடு கழிந்த விநாடிகளையும் திரும்பக் கேட்கலாம். பன்னிரண்டாமவர் வெளியேற ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் பழைய தண்டனை. இது நல்ல திருத்தம் என்பதே என் எண்ணம். விதியை மீறுவதால் ஒரு அணி பயனடையும் நிலையை எந்த ஆட்டமும் நீடிக்கவிடக் கூடாது.

விநாடி எண்ணுவதில் தவறியதற்கான பழைய எடுத்துக்காட்டையும் பதிந்துவிடுகிறேன். 1982 நவம்பர் 20 அன்று பெர்க்லியில் கலிஃபோர்னியாவிடம் ஸ்டான்ஃபோர்டு பின்தங்கியிருந்தது. அதன் குவார்ட்டர்பேக் ஜான் எல்வே அணியை உதைக்கும் தொலைவுக்குக் கொண்டுவந்து 8 விநாடி மிச்சமிருக்கையில் டைம் அவுட் எடுத்தார். ஃபீல்ட் கோல் விழுந்து 20-19 ஆனபோது 4 விநாடி மிச்சம். கொண்டாட்டத்துக்கான தண்டனையால் கிக்ஆஃப் (புள்ளி எடுத்த அணி எதிரணிக்குப் பந்தை உதைத்துத் தருவது) பின்னுக்குத் தள்ளப்பட்டது. அந்த 4 விநாடியில் தொடங்கிய ஓட்டத்தில்தான் கலிஃபோர்னியா வீரர்கள் ஐந்து முறை பந்தைத் தட்டிக்கொடுத்து, களத்துக்குள் வந்துவிட்ட இசைக்குழுவின் ஊடாக ஓடி 25-20 என்று வென்றனர். கடிகாரத்தை 4 விநாடிவரை ஓடவிட்டு டைம் அவுட் எடுத்திருந்தால் அந்தக் கிக்ஆஃபே நடந்திருக்காது. முன்னிலையைக் காப்பது சில நேரங்களில் முன்னிலை பெறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

பழையதிடல்:

அப்படியானால் எப்போது தொடங்க வேண்டும்? இதுதான் எனக்கு மிகவும் கடினமான கேள்வி. 2006 அக்டோபர் 21 அன்று நார்த்வெஸ்டர்ன் மூன்றாம் பகுதியில் 38-3 என்று முன்னிலையில் இருந்து மிச்சிகன் ஸ்டேட்டிடம் 41-38 என்று தோற்றது. 2017 செப்டம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் 44-10 என்ற நிலையிலிருந்து யூசிஎல்ஏவிடம் 45-44 என்று வீழ்ந்தது. இவற்றைக் காட்டி, நிறுத்தாமல் தாக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நாற்பதுவிநாடி:

அவ்வளவு பெரிய முன்னிலைகள் கரைவதற்கு ஒரே காரணம் இருப்பதில்லை. 2016 ஜனவரி 2 அன்று அலமோ போட்டியில் ஓரிகன் 31-0 என்று முன்னிலையில் இருந்து மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பின் டிசியூவிடம் 47-41 என்று தோற்றது. அன்று ஓரிகனின் குவார்ட்டர்பேக் வெர்னன் ஆடம்ஸ் முதல் பாதியிலேயே காயமடைந்து வெளியேறியிருந்தார். அதை நிதானத்தின் தோல்வி என்று எழுதுவது பொருந்தாது.

தொடங்கும் நேரத்தைப் பற்றி என் அளவுகோல் இது: எதிரணி சமன் செய்ய எத்தனை முறை புள்ளி எடுக்க வேண்டும், அதற்குத் தேவையான முறைகள் பந்து அவர்களுக்குக் கிடைக்குமா என்று எண்ண வேண்டும். 35 புள்ளி என்றால் ஐந்து டச்டவுன். மூன்றாம் பகுதியில் அதற்கான வாய்ப்புகள் இன்னும் இருக்கின்றன. ஆகவே அங்கே கடிகாரத்தை ஓட்டுவது மட்டும் போதாது, முதல் டவுன்களும் தேவை, பந்தை ஒப்படைக்கும்போது தொலைவும் தேவை. வாய்ப்புகளின் எண்ணிக்கை தேவையைவிடக் குறைந்த கணத்திலிருந்துதான் நேரத்தைக் கழிப்பது தனியொரு இலக்காகிறது. 40 விநாடியில் 38ஐச் செலவழித்து ஸ்நாப் எடுப்பதை மட்டும் எந்த நேரத்திலும் தொடங்கலாம். அதற்கு விலை ஏதுமில்லை.

களத்துமேடு:

இப்போது நன்றாகப் புரிகிறது, நன்றி. ஒரே ஒரு சந்தேகம். முன்னிலையில் உள்ள அணியின் ஓட்டக்காரர் தடுப்பைக் கிழித்துக்கொண்டு எல்லைக் கோட்டை நோக்கி ஓடுகிறார். முன்னால் யாரும் இல்லை. அவர் டச்டவுன் எடுக்காமல் வேண்டுமென்றே விழ வேண்டும் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா?

விதிநூல்:

எதிரணியின் டைம் அவுட்டுகளையும் கடிகாரத்தையும் பார்த்தால் விடை கிடைத்துவிடும். தொழில்முறை ஆட்டத்தில் 2007 டிசம்பர் 16 அன்று ஃபிலடெல்ஃபியாவின் பிரையன் வெஸ்ட்புரூக் 10-6 முன்னிலையில் 1 யார்டு கோட்டில் தாமே விழுந்தார். டாலஸிடம் டைம் அவுட் இல்லை. அடுத்த டவுன்களில் மண்டியிட்டே ஆட்டத்தை முடித்தார்கள், டாலஸ் பந்தைத் தொடவே இல்லை. டச்டவுன் எடுத்திருந்தால் கிக்ஆஃப் நடந்திருக்கும், டாலஸுக்குப் பந்து கிடைத்திருக்கும்.

ஆகவே முன்சொன்ன எண்களின்படி மண்டியிட்டு முடிக்கக்கூடிய நேரம்தான் மிச்சம் என்றால், முன்னிலை ஒரு புள்ளியாக இருந்தாலும் ஓட்டக்காரர் களத்துக்குள்ளேயே விழ வேண்டும். ஓரக் கோட்டைத் தாண்டி வெளியேறவும் கூடாது, வெளியேறினால் கடிகாரம் நின்றுவிடும். கல்லூரி ஆட்டத்தில் முழங்கால் பட்டாலே போதும் என்பதால் இது இன்னும் எளிது. எதிரணியிடம் டைம் அவுட்டுகள் மிச்சமிருந்து மண்டியிட்டு முடிக்க இயலாது என்றால், முன்னிலை இரண்டாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும் அணி டச்டவுனை எடுத்துக்கொள்ள வேண்டும்; அதன்பின் உதைத்து எடுக்கும் ஒரு கூடுதல் புள்ளியோடு அது குறைந்தது ஒன்பதைத் தொட்டு, ஒரே தாக்குதலில் சமன் செய்ய முடியாத தொலைவுக்குப் போய்விடும். ஒரு புள்ளி முன்னிலைதான் இடைப்பட்ட கடினமான நிலை. அங்கே டச்டவுனும் கூடுதல் புள்ளியும் எடுத்தாலும் முன்னிலை எட்டு என்றுதான் வரும். எட்டு என்றால் ஒரு டச்டவுனும் இரண்டு புள்ளி முயற்சியும் (உதைக்காமல் மறுபடி பந்தை எல்லைக்குள் சேர்ப்பது) எதிரணிக்குச் சமனாகப் போதும். அதனால் அங்கே டச்டவுனுக்குப் பிறகு உதைக்காமல் அந்த இரண்டு புள்ளிக்கு முயல்வதே மேல். கிடைத்தால் ஒன்பதாகும், கிடைக்காவிட்டால் ஏழு, அப்போதும் எதிரணிக்கு ஒரு டச்டவுன் தேவை. இவற்றில் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை ஓட்டக்காரரிடம் ஸ்நாப்புக்கு முன், வட்டமாக நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு ஓரத்திலிருந்து கத்துவது அவர் காதில் விழாது.